நாற்பது நிமிடக் குழம்பு

இவ்வாண்டு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று சங்கச் செயலாளர் கேட்டபோது, வேதியியல் மாணவன் என்ற முறையில் நான் ஏதேனும் அறிவியல் கட்டுரை தருவேன் என்று அவர் எதிர்பார்த்திருக்க வேண்டும். நானும் "ஆகட்டும்" என்று தலையை ஆட்டிவிட்டு வந்தேன். எழுத உட்கார்ந்தபோதுதான் ஓர் உண்மை புலப்பட்டது. சென்ற ஆண்டில் நான் கற்ற வேதியியலில் மிக நல்ல பகுதியை ஆய்வுக்கூடத்தில் கற்கவில்லை. முனீர்க்காவில் ஒரு நண்பரின் வாடகை அறையில், ஒரு சட்டியின் முன்னே நின்று கற்றேன். ஆகவே அன்பர்களே, இது ஒரு குழம்பைப் பற்றிய கட்டுரை. இத்தாலி நாட்டுக் கொத்துக்கறிக் குழம்பு. நாற்பது நிமிடத்தில் ஆகிவிடும். செய்முறை வேண்டுவோர்க்கு அதுவும் இதில் உண்டு. நான் சொன்ன பொய் ஒன்றும் இதில் உண்டு.

சென்ற ஆண்டு ஆகஸ்டு மாதம் எங்கள் ஆய்வுக்கூடத்திற்கு இத்தாலியிலிருந்து ஓர் ஆராய்ச்சி மாணவி வந்து சேர்ந்தார். நான்கு மாதம் இங்கே தங்கி வேலை செய்வதாக ஏற்பாடு. ஊர் போலோஞா. நம் விடுதிச் சாப்பாட்டைப் பற்றி நமக்குள் எத்தனையோ மனக்குறைகள் உண்டு. ஆனால் அவர் எதைப் பரிமாறினாலும் முகம் கோணாமல் சாப்பிட்டார். சாம்பார் என்ற பெயரில் இங்கே ஊற்றப்படும் அந்த இனிப்பு நீரைக்கூட இரண்டாம் முறை கேட்டு வாங்கிக்கொண்டார். எனக்குத்தான் மனம் ஆறவில்லை. "இது சாம்பார் அல்ல. எங்கள் ஊரில் இப்படிச் செய்தால் சண்டை வரும்" என்று ஒரு நாள் நீண்ட சொற்பொழிவே ஆற்றிவிட்டேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சிரித்தார். "உலகம் முழுவதும் என் ஊரின் பெயரைச் சொல்லி விற்கும் ஸ்பகெட்டி போலோனேஸைப் பார்க்கும்போது எனக்கு எப்படி இருக்கும் என்று இப்போது உனக்குப் புரியும்" என்றார்.

அன்று தொடங்கியது எனக்கு அந்தக் குழம்பின் மேல் பித்து.

அதன் பெயர் ரகூ. பிரெஞ்சுக்காரர்களின் 'ரகு' என்ற சொல்லிலிருந்து வந்தது என்பார்கள். போலோஞாவில் அதை ஸ்பகெட்டியோடு உண்பதில்லை. தாலியாத்தெல்லே என்னும் நாடா போன்ற பாஸ்தாவோடு உண்பார்கள். முட்டையும் மாவும் பிசைந்து, தேய்த்து, சுருட்டி, கத்தியால் நறுக்கிச் செய்வது அது. நாடாவின் அகலம் எவ்வளவு இருக்க வேண்டும் என்பதற்கு அங்கே ஓர் அளவுகோல் இருக்கிறது. 1972ஆம் ஆண்டு, போலோஞா வணிகக் கழகத்தில் தங்கத்தால் செய்த ஒரு தாலியாத்தெல்லேயைப் பதிவுசெய்து வைத்தார்கள். வெந்த நாடாவின் அகலம் 8 மில்லிமீட்டர். அந்நகரின் புகழ்பெற்ற அசினெல்லி கோபுரத்தின் உயரத்தில் 12,270இல் ஒரு பங்கு! பாரிஸுக்கு அருகே ஒரு காலத்தில் மீட்டருக்கு மூல அளவாக ஓர் உலோகக் கோலைப் பாதுகாத்து வைத்திருந்தார்கள் என்று நாம் பாடத்தில் படித்திருக்கிறோம். நாடாவுக்கும் அப்படி ஒரு மூல அளவு உண்டென்றால் அந்த ஊரைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றாதா?

குழம்புக்கும் அவ்வாறே. 1982ஆம் ஆண்டு அக்டோபர் 17ஆம் நாள், இத்தாலியச் சமையற்கலைக் கழகத்தார் ரகூவின் முறையை அதே வணிகக் கழகத்தில் முறைப்படி பதிவுசெய்தார்கள். 2023ஆம் ஆண்டில் அதைத் திருத்தி மீண்டும் பதிந்தார்கள். மாட்டிறைச்சி, பான்செட்டா எனப்படும் உப்பிட்ட பன்றி வயிற்றுக் கொழுப்பிறைச்சி, வெங்காயம், கேரட், செலரித் தண்டு, தக்காளி, திராட்சை மது, பால் ஆகியவை அதில் சேர்வன. பூண்டு கிடையாது. மிளகாயைப் பற்றிப் பேச்சே இல்லை. சிறு தீயில் இரண்டு மணி, மூன்று மணி நேரம் அசையாமல் கிடக்க வேண்டும்.

அவர் சொன்னவற்றுள் ஒன்று எனக்கு மிகவும் பிடித்தது. பெல்லெக்ரினோ அர்தூசி என்பவர் 1891ஆம் ஆண்டு தம் சொந்தச் செலவில் ஒரு சமையல் நூலை வெளியிட்டார். 'சமையலறையில் அறிவியலும், நன்கு உண்ணும் கலையும்' என்பது அதன் பெயரின் பொருள். அதில் போலோஞா முறைப்படி மக்ரோனி செய்யும் விதம் ஒன்று இருக்கிறது. அதில் தக்காளியே இல்லை. இன்றைக்குத் தக்காளி இல்லாத ரகூவை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. பதிவுசெய்து பெட்டியில் பூட்டிய முறையும் ஒரு காலத்தில் மாறி வந்த முறைதான் என்று நான் அதிலிருந்து எடுத்துக்கொண்டேன். அந்தத் துணிவில் ஒரு நாள் அவரிடம், "நாற்பது நிமிடத்தில், கோழிக்கறியில், கொழுப்பு அதிகம் இல்லாமல் ஒரு ரகூ செய்து காட்டுகிறேன், பார்க்கிறீர்களா?" என்று கேட்டுவிட்டேன். "அதற்கு ரகூ என்று பெயர் வைக்காதே; மற்றபடி செய், சாப்பிட வருகிறேன்" என்றார்.

கொழுப்பு இல்லாமல் என்று நான் சொன்னதற்கு வேறு ஒரு காரணமும் இருந்தது. அதை அவரிடம் சொல்லவில்லை.

என் தந்தை திண்டுக்கல் பக்கத்தில் ஒரு சிற்றூரில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறார். ஆறு மேசை. மதியம் மட்டும் சாப்பாடு. ஆட்டுக்கறிச் சுக்கா, கோலா உருண்டை, குடல் குழம்பு, எலும்பு ரசம். விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து கறி வெட்டத் தொடங்குவார். பள்ளி நாட்களில் எனக்குக் கட்டணம் கட்டக் கல்லாப்பெட்டியிலிருந்து எடுத்துத் தரும் நோட்டுகளில் எண்ணெயும் மிளகாய்த் தூளும் மணக்கும். அவற்றை வாங்கும் எழுத்தர் விரல் நுனியால் பிடிப்பார். வகுப்பில் என்னைச் 'சுக்கா' என்றே அழைத்தார்கள். இங்கே வந்து சேர்ந்த முதல் வாரம், வட்டமாக உட்கார்ந்து ஒவ்வொருவரும் தம்மைப் பற்றிச் சொன்னபோது, ஒருவர் தந்தை பேராசிரியர், ஒருவர் தந்தை நீதிபதி, ஒருவர் தாய் மருத்துவர். என் முறை வந்ததும், "அப்பா பிசினஸ்" என்றேன். அந்த ஒரு சொல்லுக்குப் பின்னால் இரண்டு ஆண்டுகள் ஒளிந்திருந்தேன்.

2023ஆம் ஆண்டு அவருக்கு இதயக் குழாயில் அடைப்பு கண்டு ஸ்டென்ட் வைத்தார்கள். கொழுப்பைக் குறைக்க வேண்டும், ஆட்டுக்கறியை மறந்துவிட வேண்டும் என்று மருத்துவர் கூறினார். ஊருக்கெல்லாம் கறி சமைத்துப் போட்ட மனிதர், அன்று முதல் தம் கடையில் கடைசி மேசையில் உட்கார்ந்து ரசமும் பீர்க்கங்காயும் உண்ணலானார். கோழியின் நெஞ்சுக்கறியைத் தோலின்றிச் சேர்க்கலாம் என்றார்கள். அது பஞ்சு மாதிரி இருக்கிறது என்று அவர் தொடவில்லை. எளிதான ஒரு கறிக் குழம்பைத் தேடிக்கொண்டிருந்தவனுக்கு இத்தாலியக் குழம்பு குறுக்கே வந்தது, அவ்வளவுதான்.

முதல் முயற்சியின் கதையைச் சுருக்கமாகவே சொல்லிவிடுகிறேன். முனீர்க்காவில் தென்காசி நண்பரின் அறை. நம் சங்கத்து உறுப்பினர்தாம், எல்லோருக்கும் தெரிந்தவர். ஒரு மின் அடுப்பு, ஓர் அரிசிக் குக்கர், அகலமான ஓர் இரும்புச் சட்டி. ஐ.என்.ஏ. சந்தையில் கோழிக் கீமா வாங்கி வந்தோம். அறைக்கு வந்ததும் அதை வடிகட்டியில் போட்டு மூன்று தண்ணீர் விட்டு நன்றாக அலசினேன். சட்டியில் வெங்காயம், கேரட், கறி, தக்காளி எல்லாவற்றையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கொட்டி, விடாமல் கிளறினேன். அரை மணி கழித்துச் சட்டியில் சாம்பல் நிறத்தில் மணல் போன்ற ஒன்று, செந்நீரில் மிதந்துகொண்டிருந்தது. புளிப்பு வேறு. நண்பர் இரண்டு கவளம் உண்டுவிட்டு, "விடுதியில் இன்றைக்கு என்ன போட்டிருப்பார்கள்?" என்று மெல்லக் கேட்டார். விடுதிச் சாப்பாட்டை ஒருவர் ஏக்கத்தோடு நினைத்ததை என் வாழ்நாளில் அன்றுதான் கண்டேன்.

மறுவாரம் மீண்டும் முயன்றேன். பாதி வழியில் சட்டியில் மறுபடியும் தண்ணீர் விட்டுக்கொண்டது. வேறு வழியின்றித் தந்தையைத் தொலைபேசியில் அழைத்தேன்.

"அப்பா, கொத்துக்கறி வதக்குறேன், தண்ணியா விடுது. என்ன செய்ய?"

"என்ன கறி?"

"கோழி."

"கொத்துனதுக்கு அப்புறம் கழுவுனியா?"

"இந்தத் தடவை கழுவல. போன தடவை கழுவுனேன்."

"கழுவக் கூடாது தம்பி. முழுக்கறியா இருக்கும்போதே கழுவி, தண்ணிய ஒட்ட வடிச்சுட்டுத்தான் கொத்தணும். கொத்துனதக் கழுவுனா அம்புட்டுத் தண்ணியையும் குடிச்சுக்கும். சரி, போனச் சட்டிகிட்ட வை."

"எதுக்குப்பா?"

"வையி, சொல்றேன்."

வைத்தேன். அறுநூறு ரூபாய்ச் சட்டியின் பேச்சை, இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து அவர் சிறிது நேரம் கேட்டார்.

"களகளன்னு கேக்குது. வேகுது, வறுபடல. பாதிக் கறிய வெளியே எடு. தீயக் கூட்டு. மிச்சத்தச் சட்டியில பரப்பிவிட்டுட்டுக் கரண்டியக் கீழ வையி. தொடாத. சத்தம் மாறும். 'சுர்'ருன்னு ஒரே சீரா வரும். அப்பப் புரட்டு."

கரண்டியைக் கீழே வைத்தேன். தென்காசி நண்பரும் நானும் சட்டியைச் சுற்றி நின்று, தேர்வு முடிவு கேட்பவர்கள்போல் காது கொடுத்துக்கொண்டிருந்தோம். இரண்டு நிமிடம் களகளவென்றது. பிறகு ஆவி குறைந்தது. சத்தம் மெலிந்து, இறுகி, 'சுர்' என்று மாறியது. மணமும் அந்த நொடியில் மாறியது. தந்தையின் கடைக்குப் பின்புறக் கதவைத் திறந்தால் வரும் அதே மணம். "இப்பச் சரி" என்றார் அவர், தொலைபேசியை வைத்துவிட்டார். மதியக் கூட்ட நேரம்.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. நண்பர்களே, இதில் உள்ள வேதியியலை நான் தேர்வில் எழுதி நல்ல மதிப்பெண் வாங்கியவன். சட்டியில் நீர் இருக்கும் வரை, அந்த நீரில் கிடக்கும் கறியின் வெப்பம் 100 டிகிரி செல்சியஸைத் தாண்டாது. கொடுக்கும் வெப்பமெல்லாம் நீரை ஆவியாக்கவே செலவாகும். நீர் வற்றிய பிறகுதான் கறியின் மேற்புறம் 140 டிகிரியைக் கடந்து ஏறும். அப்போது இறைச்சியிலுள்ள அமினோ அமிலங்களும் சர்க்கரைப் பொருள்களும் ஒன்றோடொன்று வினைபுரிந்து, பழுப்பு நிறத்தையும் நூற்றுக்கணக்கான மணப்பொருள்களையும் உண்டாக்கும். லூயி கமில் மையார் என்ற பிரெஞ்சு அறிஞர் இவ்வினையை 1912ஆம் ஆண்டில் வெளியிட்டார். அவர் பெயரையே அது தாங்கி நிற்கிறது. இத்தனையும் எனக்குத் தெரியும். ஆயினும் சட்டியின் முன் நின்றபோது எதுவும் நினைவுக்கு வரவில்லை. மையாரின் பெயரையே கேட்டிராத ஒருவர், நீர் எப்போது தீர்ந்தது என்பதைச் சத்தத்தைக் கொண்டே தொலைவிலிருந்து சொல்லிவிட்டார்.

மூன்று மணி நேரக் குழம்பை நாற்பது நிமிடத்துக்குக் குறுக்கும் வழியும் எனக்கு அப்போதுதான் விளங்கியது. பழைய ரகூவுக்கு அவ்வளவு நேரம் எதற்கு? உழைத்த மாட்டின் தசையில் கொலாஜன் என்னும் இணைப்புத்திசுப் புரதம் மிகுதி. அது நீரும் வெப்பமும் பட்டு மெல்ல மெல்ல ஜெலாட்டினாக இளகிக் குழம்பைத் தடிமனாக்க மணிக்கணக்காகும். இளங்கோழியின் தசையில் அந்த வேலை குறைவு. நீண்ட நேரம் வேகவைத்தால் உள்ள சாறும் வெளியேறி, மணலாகிவிடும். ஆகவே நேரத்தைக் குறைக்கலாம், குறைக்கத்தான் வேண்டும். கொழுப்பையும் குறைக்கலாம். ஆனால் வறுப்பதைக் குறைத்தால் ஒன்றும் மிஞ்சாது. மணம் முழுவதும் அங்கேதான் பிறக்கிறது. ஒரு முறையைச் சுருக்க விரும்புகிறவன், அதில் எந்தப் படி என்ன வேலை செய்கிறது என்பதை முதலில் தெரிந்திருக்க வேண்டும்.

இனி செய்முறை. நான்கு பேருக்கு.

தோலும் எலும்பும் நீக்கிய கோழித் தொடைக்கறி 400 கிராம். கடைக்காரரிடம் முழுக்கறியாக வாங்கிக் கழுவித் துடைத்து, கத்தியால் பொடியாகக் கொத்திக்கொள்வது நன்று. இதய நோயாளிக்கென்றால் நெஞ்சுக்கறி. பெரிய வெங்காயம் 1, கேரட் 1, செலரித் தண்டு 1. மூன்றையும் மிகப் பொடியாக நறுக்க வேண்டும். நன்கு பழுத்த தக்காளி 4. துருவியில் தேய்த்தால் சதை கீழே இறங்கித் தோல் கையில் நிற்கும். தக்காளி விழுது 1 மேசைக்கரண்டி. எண்ணெய் 2 மேசைக்கரண்டிக்கு மேல் வேண்டாம். பால் கால் டம்ளர். உப்பு, மிளகு, ஜாதிக்காயை உரசி ஒரு சிட்டிகை.

முதலில் பாதி எண்ணெயில் வெங்காயம், கேரட், செலரியைச் சிறு தீயில் 8 நிமிடம் வதக்கித் தட்டில் எடுத்துவிடுங்கள். அவை நிறம் மாற வேண்டியதில்லை. மெத்தென்று ஆனால் போதும். அதே சட்டியைப் புகையும் பதத்துக்குச் சுடவைத்து, மீதி எண்ணெய் விட்டு, கறியை இரண்டு பாகமாக வறுக்க வேண்டும். பரப்பிவிட்டுக் கரண்டியைக் கீழே வையுங்கள். காது கொடுங்கள். சத்தம் மாறி, அடிப்புறம் பழுப்பான பிறகு ஒரு முறை புரட்டினால் போதும். இரண்டு பாகமும் ஆக 10 நிமிடம். கறியை எடுத்துவிட்டுத் தக்காளி விழுதைச் சட்டியில் போட்டு, அதன் சிவப்பு கறுக்கும் வரை ஒரு நிமிடம் வதக்குங்கள். பிறகு அரை டம்ளர் வெந்நீர் ஊற்றிச் சட்டியின் அடியில் ஒட்டியிருப்பதைச் சுரண்டிக் கரையுங்கள். இத்தாலியர் இங்கே மது ஊற்றுவார்கள். அடியில் ஒட்டியதைக் கரைக்க வெந்நீரும் போதும். காய்களும் கறியும் தக்காளியும் உப்பும் சேர்த்து, சிறு தீயில் 15 நிமிடம். இறக்குவதற்கு முன் தீயைத் தணித்துப் பாலை ஊற்றிக் கிளறினால் புளிப்பு அடங்கும். மிளகும் ஜாதிக்காயும் கடைசியில்.

பாஸ்தா ஆளுக்கு 80 கிராம். உலர்ந்த பாஸ்தாவைக் கடினக் கோதுமை ரவையில்தான் செய்ய வேண்டும் என்று இத்தாலியில் 1967ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றிவிட்டார்கள்; மைதாவில் செய்தது எளிதில் குழைந்துவிடும். ஆகவே உறையைப் படித்து வாங்குங்கள். 100 கிராமுக்கு 1 லிட்டர் நீர், 10 கிராம் உப்பு என்பது அவர்கள் கணக்கு. நம் அரிசிக் குக்கர் 2 லிட்டருக்கு மேல் கொள்ளாது. ஒட்டாமல் கிளறிக்கொண்டிருந்தால் அது போதும். உறையில் போட்ட நேரத்துக்கு 2 நிமிடம் முன்னதாகவே எடுத்துக் குழம்பில் போட்டு, வெந்த நீரில் ஒரு கரண்டி ஊற்றிப் புரட்டுங்கள். அந்நீரில் கரைந்திருக்கும் மாவுச்சத்துதான் எண்ணெயையும் நீரையும் பிரியவிடாமல் பிணைத்து, குழம்பைப் பாஸ்தாவின் மேல் பூசவைக்கிறது. கஞ்சியை வடித்துக் கொட்டும் பழக்கம் நமக்கு; இங்கே ஒரு குவளையாவது எடுத்து வைக்கவேண்டும்.

நவம்பர் மாதக் கடைசியில், போலோஞா நண்பர் ஊர் திரும்புவதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, அந்த அறையில் விருந்து. ஆய்வுக்கூட நண்பர்கள் இருவரும் வந்திருந்தனர். அவர் முதல் கவளத்தை வாயில் வைத்துவிட்டுச் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். "இது ரகூ அல்ல" என்றார் முதலில். அதைச் சொல்லாமல் அவரால் இருக்க முடியவில்லை. பிறகு தட்டை நீட்டி இன்னும் கொஞ்சம் கேட்டார். சாப்பிட்டு முடித்தபின், "கறியை இப்படிப் பதமாக வறுக்க எங்கள் ஊரிலேயே பலருக்குத் தெரியாது. யாரிடம் கற்றாய்?" என்று கேட்டார்.

நான் வாயைத் திறந்தேன். பேராசிரியர் மகனும் மருத்துவர் மகளும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"யாரிடமும் இல்லை. புத்தகத்தில் படித்தேன்" என்றேன்.

தென்காசி நண்பர் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டார். ஒரு சொல்லும் சொல்லவில்லை. அன்று மட்டுமல்ல, இன்றுவரை அவர் அதைப் பற்றி என்னிடம் பேசியதில்லை. பேசியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். எல்லோரும் போனபின் சட்டியைத் தேய்த்துக் கழுவினேன். அடியில் ஒட்டியிருந்த கறுப்பு நெடுநேரம் போகவில்லை.

டிசம்பர் விடுமுறையில் ஊருக்குப் போனேன். ஒரு நாள் மாலை நான்கு மணிக்கு, கடையைக் கழுவிவிட்ட பிறகு, "அப்பா, இன்னிக்கு ராத்திரி நான் சமைக்கிறேன். நீங்க சாப்பிடலாம், கொழுப்புக் கிடையாது" என்று சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லாமல் தம் சட்டியையும் அடுப்பையும் எனக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இருபத்தைந்து ஆண்டுகளில் வேறு எவரையும் அந்த அடுப்பின் முன் அவர் நிற்கவிட்டதில்லை என்று அம்மா பிறகு சொன்னார்.

நெஞ்சுக்கறியைக் கழுவித் துடைத்துக் கொத்தினேன். என் கத்தி போகும் போக்கைப் பார்த்து அவருக்குக் கை துறுதுறுத்திருக்க வேண்டும், இருந்தும் எழவில்லை. கறியைப் பரப்பிவிட்டுக் கரண்டியைக் கீழே வைத்தபோது கண்ணை மூடிக்கொண்டார். சத்தம் மாறியது. நான் புரட்டக் கை நீட்டினேன். "இன்னும் கொஞ்சம்" என்றார். பொறுத்தேன். "ம்."

பாலை ஊற்றியபோது மட்டும், "கறியில பாலா?" என்று அம்மாவைப் பார்த்தார். "தேங்காப்பால் ஊத்துறதில்லையா, அது மாதிரிதான்" என்றார் அம்மா. அதோடு அந்த வழக்கு தீர்ந்தது.

வாழையிலையில்தான் பரிமாறினோம், கடையில் வேறென்ன இருக்கும்? முள்கரண்டி கிடையாது. அவர் பாஸ்தாவை இடியாப்பத்தைப் பிசைவதுபோல் விரலால் கூட்டி எடுத்து உண்டார். அம்மாவும் நானும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு கவளம், இரண்டு, மூன்று. "உப்புச் சரியா நிக்கிது" என்றார். அவர் வாயிலிருந்து ஒரு சமையலுக்கு அதைவிடப் பெரிய பாராட்டு வந்து நான் கேட்டதில்லை. பிறகு, "பஞ்சு மாதிரி இல்ல" என்று தமக்குள் சொல்லிக்கொண்டு இலையை வழித்தார். ஓர் ஆண்டுக்கும் மேலாக அவர் கறி உண்டு நான் பார்த்ததில்லை.

அன்றிரவு இருவரும் கடைத் திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது அவரிடம் சொல்லிவிட்டேன். புத்தகத்தில் படித்ததாகச் சொன்ன பொய்யையும், அதற்கு முன் 'பிசினஸ்' என்று சொன்னதையும். அவர் கோபிப்பார், அல்லது வருந்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் சிறிது யோசித்தார்.

"பிசினஸ்தானப்பா. பொய்யில்லையே" என்றார்.

அதற்கு மேல் அதைப் பற்றி அவர் பேசவில்லை. எழுந்துபோய் மறுநாளைக்கு வேண்டிய வெங்காயத்தை எடுத்து வைக்கத் தொடங்கினார். என்னைக் காப்பாற்றுவதற்காக அந்தச் சொல்லை அவ்வளவு எளிதாக எடுத்து என் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டார். அவர் திட்டியிருந்தால் அந்த வலி அன்றோடு போயிருக்கும்.

அங்கிருந்தபடியே போலோஞா நண்பருக்குக் கடிதம் எழுதினேன். கறி வறுக்கக் கற்றது என் தந்தையிடம், அவர் சாப்பாட்டுக் கடை நடத்துகிறார், அன்று நான் சொன்னது பொய் என்று மூன்று வரி. மறுநாள் பதில் வந்தது. தந்தைக்கு வணக்கம் சொல்லச் சொல்லியிருந்தார். ஆட்டுக்கறிக் கொத்தை உருண்டையாக்கிப் பொரிப்பது ஒன்று உண்டு என்று நீ முன்பு சொன்னாயே, அதன் முறையை அவரிடமே கேட்டு, அளவுகளோடு எழுதி அனுப்பு என்றும் கேட்டிருந்தார். தந்தையிடம் அளவு கேட்டேன். "கண்ணளவுதான்" என்றார். ஆகவே அடுத்த விடுமுறையில் அவர் உருண்டை பிடிக்கும்போது அருகில் ஒரு தராசோடு நிற்பதாக ஏற்பாடு.

நாம் எல்லோரும் ஊரைவிட்டு வெகுதூரம் வந்தவர்கள். வந்த இடத்தில் நாமும் சில காரியங்களைச் சுருக்கிக்கொள்கிறோம், இலகுவாக்கிக்கொள்கிறோம். அதில் குற்றமில்லை. நேரத்தைக் குறைக்கலாம், கொழுப்பைக் குறைக்கலாம், மதுவுக்குப் பதில் வெந்நீர் ஊற்றலாம். நான் குறைத்தது அது எதுவும் அன்று. கற்றுக்கொடுத்தவரின் பெயரையே குறைத்துவிட்டேன். முதல் நாள் சட்டியில் கண்ட சாம்பல் நிறம் இப்போதும் எனக்கு அதைத்தான் நினைவூட்டுகிறது.

வரும் மாதச் சங்கக் கூட்டத்தன்று இந்தக் குழம்பைச் செய்வதாகச் செயலாளரிடம் ஒப்புக்கொண்டிருக்கிறேன். தென்காசி நண்பர் வெங்காயம் நறுக்க வருகிறார். அனைவரும் வருக. சாப்பிட்டுவிட்டு, யாரிடம் கற்றாய் என்று தவறாமல் கேளுங்கள்.